டிக்கிக்கான சப்-ஊஃபர் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் மரப்பட்டறைக்கு, கார் டிக்கியில் வைக்கும் பேஸ் பெட்டி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். “எத்தனை லிட்டர் பெட்டி?” என்று நாங்கள் திருப்பிக் கேட்டால், தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டதுபோலப் பார்ப்பார்கள். ஒரே ஸ்பீக்கர் ஒரு பெட்டியில் முழங்குவதற்கும் இன்னொரு பெட்டியில் மொத்தையாக உறுமுவதற்கும் அந்த லிட்டர் கணக்கே பெரும்பாலும் காரணம் என்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம்.

பெட்டி எதற்கு? ஸ்பீக்கரை அப்படியே டிக்கியில் பொருத்தினால் போதாதா?

ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுத்தம் பெறுகிறது, பின்பக்கக் காற்று அதே நேரத்தில் அழுத்தம் இழக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல் இருப்பதால், அவ்வளவு நீண்ட அலைக்கு முப்பது சென்டிமீட்டர் ஸ்பீக்கரின் விளிம்பு ஒரு தடையே அல்ல. முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கோன் கிழியும் அளவுக்கு ஆடினாலும் காதில் ஒன்றும் விழாது. பெட்டி அந்தப் பின்னலையை அடைத்துவைக்கிறது, அல்லது போர்ட் எனப்படும் திறந்த குழாய் வழியாகத் திருப்பி நமக்குச் சாதகமாக வெளியே விடுகிறது. கூடவே, உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்போல நின்று கோனைக் கட்டுப்பாட்டில் வைக்கிறது. அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் பெட்டி வடிவமைப்பு.

‘திறன்மிக்க பெட்டி’ என்றால் என்ன? ஆம்ப்ளிஃபயரின் வாட்டைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

கீழே நாம் உதாரணமாக எடுத்துக்கொள்ளப்போகும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் அடிப்படைத் திறன் சுமார் 0.26 சதவீதம்தான். அதாவது 300 வாட் மின்சாரம் கொடுத்தால் முக்கால் வாட்டைச் சற்றே தாண்டித்தான் ஒலியாக வெளியே வரும். மீதி முழுவதும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சூடாக்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். அதற்குள் காயில் கருகிவிடும்.

அமெரிக்காவில் கே.எல்.எச். நிறுவனத்தை 1957-இல் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மன் பெயரால் ‘இரும்பு விதி’ ஒன்று வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். கணக்காகச் சொன்னால், திறன் பெட்டியின் கொள்ளளவோடு நேராகவும், பேஸ் இறங்கும் எல்லையின் மும்மடிப் பெருக்கத்தோடும் கட்டுண்டிருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஓர் அமைப்பு அதே திறனோடு 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமானால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். “சின்னப் பெட்டியாக இருக்கணும், ஆனா தரை அதிரணும்” என்று கேட்பவரிடம் நாங்கள் தயங்குவது கைவேலைத் தட்டுப்பாட்டால் அல்ல, இந்த விதியால்தான்.

ஸ்பீக்கர் வாங்கும்போது எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், அதை விரிவாக்கி ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளும்தான் இன்றுவரை எல்லாப் பெட்டிக் கணக்குகளுக்கும் அடிப்படை. ஸ்பீக்கரோடு வரும் தாளில் ‘தீல்-ஸ்மால்’ என்ற தலைப்பில் உள்ள எண்களில் மூன்று இன்றியமையாதவை. எஃப்.எஸ். என்பது பெட்டியில்லாமல் ஸ்பீக்கர் தானாக அதிரும் அதிர்வெண், ஹெர்ட்ஸில். வி.ஏ.எஸ். என்பது அதன் தொங்கலுக்கு (கோனைத் தாங்கிப் பிடிக்கும் நெகிழ்வான பகுதிக்கு) சமமான விறைப்புள்ள காற்றின் அளவு, லிட்டரில். க்யூ.டி.எஸ். என்பது கோனின் ஆட்டத்தை ஸ்பீக்கரே எவ்வளவு விரைவாக அடக்குகிறது என்பதைக் காட்டும் எண்; அது சிறியதாக இருந்தால் அடக்கம் அதிகம். இவற்றோடு, கோன் ஒரு பக்கமாகப் பாதுகாப்பாக எவ்வளவு நகரலாம் என்பதைக் குறிக்கும் எக்ஸ்-மேக்ஸ் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘மேக்ஸ் பவர்’ எண்ணுக்கு வடிவமைப்பில் எந்த வேலையும் இல்லை, தொடர்ந்து தாங்கும் ஆற்றலைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட் என்று சிறிய எழுத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

மூடிய பெட்டியா, போர்ட் வைத்த பெட்டியா?

மூடிய பெட்டியில் பேஸ் எல்லைக்குக் கீழே ஒலி ஒரு ஸ்தாயிக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வீதம் சரிகிறது. போர்ட் பெட்டியில் 24 டெசிபல் வீதம் சரிகிறது. எல்லைக்கு மேலே போர்ட் பெட்டி சத்தத்தில் முந்தும், ஆனால் பெரிதாக இருக்க வேண்டும், கணக்குப் பிசகினால் மன்னிக்காது. மேலும், போர்ட்டின் சுருதிக்கு (போர்ட் காற்று பலமாக அதிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே பெட்டிக் காற்று கோனைத் தாங்குவதை விட்டுவிடுவதால், மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாத ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் கோன் எக்ஸ்-மேக்ஸைத் தாண்டி ஆடிப் பழுதாகும்.

பொதுவான வழிகாட்டியாக, எஃப்.எஸ். எண்ணை அதே தாளில் உள்ள க்யூ.இ.எஸ். என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 50-க்கு அருகிலோ குறைவாகவோ இருந்தால் மூடிய பெட்டியும், 100-ஐ ஒட்டி இருந்தால் போர்ட் பெட்டியும் பொருந்தும். இடைப்பட்டவை இரண்டுக்கும் ஒத்துவரும். பாட்டும் ஒரு காரணம்தான். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்; கானாவும் குத்துப் பாட்டும் கேட்பவருக்கு அதற்குக் கீழே தோண்டவேண்டிய தேவை அரிது, அடி விழுந்ததும் ஒலி சட்டென்று நிற்பதே அவர்களுக்கு முக்கியம். அவர்களுக்கு நாங்கள் மூடிய பெட்டியையே பரிந்துரைக்கிறோம். பொறுமையும் டிக்கியில் இடமும் உள்ளவர்கள் போர்ட்டுக்குப் போகலாம்.

மூடிய பெட்டியின் கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது?

உதாரணமாக ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் வைத்தபின் வரும் மொத்த அடக்க எண்ணான க்யூ.டி.சி. 0.707 ஆக இருந்தால், மேடுபள்ளமில்லாமல் ஒலி மிகக் கீழே வரை சமமாக இறங்கும். 0.707-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1.571, அதன் வர்க்கம் 2.468, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1.468. வி.ஏ.எஸ். அளவான 60-ஐ இந்த 1.468-ஆல் வகுத்தால் கிடைக்கும் 40.9 லிட்டர்தான் பெட்டிக்குள் இருக்கவேண்டிய காற்று. 28-ஐ 1.571-ஆல் பெருக்கினால் வரும் 44 ஹெர்ட்ஸ் பெட்டிக்குள் ஸ்பீக்கர் அதிரும் அதிர்வெண்; க்யூ.டி.சி. 0.707 என்பதால் இங்கே பேஸ் எல்லையும் அதுவே.

இடமில்லை என்று அதே ஸ்பீக்கரை 15 லிட்டர் பெட்டியில் திணித்தால் க்யூ.டி.சி. 1-ஐத் தொடுகிறது, அந்த அதிர்வெண் 63 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது, அதற்கு மேலே ஒரு மேடு எழுகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் ‘டொம் டொம்’ என்று கேட்கும் கார்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். 25 லிட்டர் என்றால் க்யூ.டி.சி. 0.83, அதிர்வெண் 52 ஹெர்ட்ஸ். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய சமரசம்.

40.9 லிட்டர் என்பது நிகரக் காற்று. ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் அடைக்கும் இடத்துக்குச் சுமார் 2.5 லிட்டர், உள்ளே வைக்கும் தாங்குகட்டைக்கு ஒரு லிட்டர் என்று சேர்த்தால் ஏறத்தாழ 44.5 லிட்டர் ஆகிறது. உள்ளளவு அகலம் 50, உயரம் 33, ஆழம் 27 சென்டிமீட்டர் என்று வைத்தால் அது சரியாக அமைகிறது. 18 மில்லிமீட்டர் பலகையில் செய்தால் வெளியளவு 53.6, 36.6, 30.6 சென்டிமீட்டர். பலகை அறுப்பதற்கு முன் இந்த வெளியளவில் ஓர் அட்டைப்பெட்டியை ஒட்டி, டிக்கி வாயின் வழியாக நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள். டிக்கியின் உள்ளே இடமிருந்தும் வாயில் நுழையாத பெட்டி ஒன்று எங்கள் பட்டறையின் மூலையில் இன்னும் முக்காலியாகப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

போர்ட்டின் நீளத்தைக் கணக்கிடுவது எப்படி? பி.வி.சி. குழாய் போதுமா?

தாராளமாகப் போதும். போர்ட்டின் உள்விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி 23562.5-ஆல் பெருக்குங்கள். நீங்கள் விரும்பும் சுருதியின் வர்க்கத்தைப் பெட்டியின் லிட்டரால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுங்கள். வரும் விடையிலிருந்து விட்டத்தின் 0.732 பங்கைக் கழித்தால் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். மேலே சொன்ன ஸ்பீக்கருக்கு 55 லிட்டர் பெட்டி, 33 ஹெர்ட்ஸ் சுருதி, 10 சென்டிமீட்டர் உள்விட்டம் என்றால் நீளம் 32 சென்டிமீட்டர்.

கழிவுநீர்க் குழாயாக விற்கும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி.யில் அந்த 110 என்பது வெளிவிட்டம். சுவரின் தடிமனுக்கேற்ப உள்விட்டம் மாறும். உள்விட்டம் 10.4 என்றால் அதே சுருதிக்கு நீளம் கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டரைக் கேட்கிறது. ஆகவே குழாயைக் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள்.

போர்ட்டுக்குள் காற்று நொடிக்கு 17 மீட்டருக்கு மேல் ஓடினால் ‘புஸ் புஸ்’ என்று மூச்சிரைக்கும். அதைத் தவிர்க்க இரண்டு குழாய் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் 10 சென்டிமீட்டர் குழாய் இரண்டு என்றால் ஒவ்வொன்றின் நீளமும் 71 சென்டிமீட்டரைத் தாண்டி, பெட்டிக்குள் அடங்காது. அதனால் ஒரே குழாய் வைத்து, இரு முனைகளையும் வெளிநோக்கி விரிந்த வாயாக அகட்டிவிடுவதே நடைமுறை. குழாயின் உள்முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே குறைந்தது ஒரு விட்ட இடைவெளி விடுங்கள். குழாய் அடைக்கும் மூன்று லிட்டரையும் மொத்தக் கொள்ளளவில் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

சரியான சுருதி அமைந்திருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை வைத்து 45 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் கோன் ஏறத்தாழ அசையாமல் நிற்கும்; குழாய் வாயில் கையை வைத்தால் காற்று மட்டும் பலமாக அடிக்கும். அந்த எண்தான் உங்கள் பெட்டியின் உண்மையான சுருதி.

கார் டிக்கியில் வைத்தால் வீட்டுக் கூடத்தில் கேட்பதைவிட பேஸ் அதிகமாகத் தெரிகிறதே, ஏன்?

காரின் உட்புற நீளத்தைவிட அரை அலைநீளம் பெரிதாகும்போது, உள்ளே அலை ஓடுவதற்குப் பதிலாகக் காற்று முழுவதும் ஒன்றாக அழுத்தம் ஏறி இறங்குகிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள காரில் இது சுமார் 69 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்குகிறது. அங்கிருந்து கீழே ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் வரை ஏற்றம் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மூடிய பெட்டியின் சரிவும் அதே 12 என்பதால் இரண்டும் ஏறத்தாழச் சமன்படுகின்றன. சின்ன காருக்கு மூடிய பெட்டி இவ்வளவு நன்றாக ஒத்துப்போவதன் இரகசியம் இதுதான். உண்மையில் தகடு அதிர்வதாலும் கதவிடுக்கில் காற்று கசிவதாலும் அந்த ஏற்றம் முழுதாகக் கிடைப்பதில்லை.

செடான் வகையில் டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அங்கே ஸ்பீக்கர் பின்பக்கம் பார்க்கும்படி பெட்டியை வைத்து, பின்சீட்டோரமாகவும் டிக்கி வாயோரமாகவும் நகர்த்தி ஒரே பாட்டை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒரு சாண் நகர்த்தினாலே மாற்றம் தெரியும். எங்கே வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லி எங்களை வற்புறுத்தாதீர்கள்.

எந்தப் பலகை நல்லது?

அடர்த்தியான, விறைப்பான, காற்றுப் புகாத பலகை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை, 18 மில்லிமீட்டரில், இவற்றுக்குப் பொருந்தும், அறுப்பதும் எளிது. மேலே சொன்ன மூடிய பெட்டி சுமார் 12 கிலோ வரும். ஆனால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடற்காற்று ஓயாத இடத்தில் எம்.டி.எஃப்.இன் வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். வெட்டுமுனைகளில் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து இருமுறை பூசி உலரவிட்டு, பிறகு பெயின்ட் அடிக்க வேண்டும். செலவுக்கு அஞ்சாதவர்கள் மெரைன் பிளைவுட் வாங்கலாம். இரண்டிலும் ஸ்க்ரூ மட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

கசிவு இல்லை என்று எப்படி உறுதிசெய்வது?

காசிமேட்டில் ஐஸ் பெட்டி செய்பவருக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கும். இடுக்கு இருந்தால் ஐஸ் உருகும், இங்கே பேஸ் உருகும், அவ்வளவுதான். ஒட்டும்போதே உள்மூட்டுகள் எல்லாவற்றிலும் விரலால் சிலிக்கான் இழுத்துவிடுங்கள். ஆனால் சில சிலிக்கான்கள் உலரும்போது விடும் அமில ஆவி ஸ்பீக்கருக்கு ஆகாது என்பதால், ஒருநாள் முழுக்கக் காயவிட்ட பிறகே ஸ்பீக்கரைப் பொருத்துங்கள்.

பொருத்தியபின் மூடிய பெட்டியில் கோனை இரு கை விரல்களாலும் நடுவைச் சுற்றிச் சமமாக மெல்ல அழுத்திவிட்டு விடுங்கள். அது தயங்கித் தயங்கி மேலே வந்தால் பெட்டி இறுக்கம். உடனே துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்க 25 ஹெர்ட்ஸ் டோனை மிதமாக ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியை ஏற்றி, மூட்டுகளை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். நேராக எழும் புகை எந்த இடத்தில் நடுங்குகிறதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் அது பலகை மூட்டில் இருப்பதில்லை. ஒயர் இணைக்கும் டெர்மினல் தட்டின் பின்னால்தான் இருக்கும்.

தலையணைப் பஞ்சு அடைத்தால் பெட்டி பெரிதாகிவிடும் என்கிறார்களே?

உண்மைதான், ஒரு வரம்புவரை. செயற்கை இழைப் பஞ்சு காற்றின் சூட்டை வாங்கிக்கொள்வதால் ஸ்பிரிங் சற்று மென்மையாகி, மூடிய பெட்டி பத்து முதல் இருபது சதவீதம் பெரியதுபோல நடந்துகொள்ளும். இலவம் பஞ்சு வேண்டாம், ஈரம் பிடிக்கும். போர்ட் பெட்டியில் அடைக்க வேண்டாம். குழாய் அதைத் துப்பிவிடும்.

ஸ்டெப்னி எடுக்க முடியுமா?

இதைக் கேட்பவர் மிகக் குறைவு, அதனால்தான் எழுதுகிறோம். எங்கள் சொந்தக் காரில் முதல் பெட்டியை டிக்கித் தரைப்பலகையோடு ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்தோம். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு பதினொரு மணிக்கு டயர் பஞ்சரானபோது, ஸ்டெப்னியை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் தேடி முக்கால் மணிநேரம் நின்றோம். இப்போது பெட்டியின் அடியில் பட்டை வைத்து, சரக்கு கட்டும் கொக்கிகளில் இழுத்துக் கட்டுகிறோம். ஒயர் முனையில் பிளக் இருப்பதால் இரண்டு நிமிடத்தில் கழன்றுவிடும். கட்டாமல் மட்டும் வைக்காதீர்கள்: ஸ்பீக்கரோடு இருபது கிலோ எடையுள்ள பெட்டி, திடீர் பிரேக்கில் பின்சீட்டைத் தேடி வரும். சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள காரில் பெட்டி அதன் வால்வை மறைக்கவோ சிலிண்டரைத் தொடவோ கூடாது.

ஒயரும் ஃபியூஸும் எவ்வளவு தடிமன்?

80 சதவீதத் திறனுள்ள கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் 300 வாட் வெளியிட, 13.8 வோல்ட்டில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். அதற்கு எட்டு கேஜ் செம்பு ஒயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் அல்ல, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வழியில் ஒயர் உரசித் தகட்டைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுவே. மலிவாக விற்கும் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் இரண்டு அளவு தடிமனானதை வாங்குங்கள், அல்லது வேறு கடைக்குப் போங்கள். ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியின் மேலேயே திருகிவைப்பதும் வேண்டாம், அதிர்வில் அதன் பற்றவைப்புகள் விட்டுப்போகும்.

பேஸ் வந்தால் நம்பர் பிளேட் கடகடக்கிறது.

பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். நம்பர் பிளேட்டின் பின்னால் இரண்டு நுரைத் துண்டு, டிக்கி மூடியின் உட்தகட்டில் பியூட்டைல் ஷீட், பின்கண்ணாடித் தட்டின் அடியில் மெல்லிய ஃபெல்ட். தீரும்.

சத்தத்துக்குச் சட்ட வரம்பு உண்டா?

உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனையைக் கடக்கும்போது ஒலியைக் குறைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

மழைநீர் டிக்கிக்குள் வந்துவிட்டால்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் நனைந்த பெட்டிகள் வரிசையாக எங்களிடம் வந்தன. நனைந்ததும் பாட்டைப் போட்டுப் பார்க்கவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் காயவிடுங்கள். கோனை நேராக அழுத்தும்போது உரசல் சத்தம் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர் பெரும்பாலும் பிழைத்துவிடும். எம்.டி.எஃப். அடிப்பலகை உப்பியிருந்தால் அதைக் காயவைத்துப் பயனில்லை. கொள்ளளவும் மாறியிருக்கும், மூட்டும் விட்டிருக்கும். பழைய அளவுகளைத் தாளில் குறித்துவைத்திருந்தால் புதிய பெட்டியை ஒரே நாளில் அறுத்து ஒட்டிவிடலாம். அதனால் எங்களிடமிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியின் உட்சுவரிலும், ஸ்பீக்கர் துளைக்கு நேர் பின்னால், லிட்டரையும் மூன்று அளவுகளையும் பென்சிலால் எழுதி அனுப்புகிறோம்.